இடப்பக்க விசை

துவக்கின் வெண்கல வளையத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய்தான். கூடிப்போனால் துவக்கு தோளை உதைக்கும். அப்பா சொல்லித்தந்தது அது. எழுபத்து மூன்று வயதில் விரல் நடுங்குவதால், தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவுகிறேன். பன்விலப் பக்கம் மார்கழி ஈரம் பொல்லாதது. விரல் வியர்வை பட்ட இடத்தில் மறுநாளே துரு பூத்துவிடும்.

எங்களுடையது பெல்ஜியத்தில் செய்த பிரவுணிங் ரிப்பீட்டர். ஜோன் பிரவுணிங் வரைந்த இந்தக் கூன்முதுகு வடிவம் அங்கே 1902இல் தயாரிப்புக்கு வந்தது. சுட்டதும் குழலே பின்னுக்கு ஓடும்; வெற்றுத் தோட்டா வெளியே விழும், அடுத்தது தானாக ஏறும். 1968இல் ஊர் திரும்பிய தோட்டத் துரை ஒருவரிடமிருந்து அப்பா வாங்கினார். மிளகுக் கொடியின் அடியைக் கிளறும் காட்டுப்பன்றிக்காக.

துவக்கு துரைமாரோடு மலையேறிய பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. போர்த்துக்கீசர் கரையிறங்கிய அந்தப் பதினாறாம் நூற்றாண்டிலேயே சிங்களக் கம்மாளர் அதைத் தம் கையால் செய்யப் பழகிவிட்டார்கள். அவர்கள் வேலையைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லலாம். விசை குழலின் இடப்பக்கம் இருக்கும். அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். மரத்தில் தந்தமும் வெள்ளியும் பதித்திருப்பார்கள். சொல்லும் எங்கள் இரு கூட்டத்துக்கும் பொது: நாங்கள் துவக்கு என்போம், சிங்களவர் துவக்குவ என்பார்கள். இரண்டுக்கும் வேர் துருக்கிச் சொல்.

வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பும் இங்கேயே விளைந்தது. எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் நிற்கும் நக்கிள்ஸ் மலையில், மீமுரே பக்கத்தில், வெளவால் குகை ஒன்று இருக்கிறது. ஆங்கிலப் படை வைத்தியர் ஜோன் டேவி அங்கு நடந்த வேலையை 1821இல் வெளிவந்த தன் நூலில் விவரித்திருக்கிறார். குகைப் பாறையைப் பொடித்து, விறகுச் சாம்பல் கலந்து, தண்ணீர் ஊற்றி வடித்து, வடித்ததைக் காய்ச்சினால் உப்பு படியும். துறைமுகங்கள் அந்நியர் கையில் இருந்த காலத்தில் கண்டி அத்தனை நாள் நின்றது சும்மா இல்லை. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டார்கள். அப்போது கொண்டுபோன ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023 டிசம்பரில் திருப்பித் தந்தது. அவற்றில் இரண்டு மகா துவக்குவ. மகள் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிக்கு முன் நெடுநேரம் நின்றேன். இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலாக யாரோ துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

எங்கள் துவக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியவர்கள் கையில் வேட்டைத் துவக்குகளும் இருந்தன. அந்த நாட்களில் அப்பா எங்களுடையதை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார். திரும்பி வந்தபோது குழலுக்குள் செந்துரு. பஞ்சும் மண்ணெண்ணெயுமாக மூன்று இரவு வாசலில் உட்கார்ந்து தேய்த்தார். விளக்குப் பிடித்தது நான்.

1916ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசன்ஸை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மகன் கனடாவில், மகளுக்கு வேண்டாமாம். கச்சேரிப் படி ஏற எனக்கு இன்னும் ஒன்றிரண்டு வருடம் முடியும். பிறகு ஒப்படைக்க வேண்டியதுதான். அன்றைக்கும் துடைத்து எண்ணெய் போட்டே கொண்டுபோவேன். அந்த வளையத்தை எந்தப் பக்கம் பார்த்து மாட்ட வேண்டும் என்பதை, வாங்குகிறவரிடம் காட்டிவிட்டுத்தான் வருவேன்.