குன்றின் மேல் இருந்த நிலையம்

தென்லண்டனின் சிடென்ஹாம் குன்றுப் பகுதியில் கிரிஸ்டல் பேலஸ் என்ற பெயரில் இரண்டு ரயில் நிலையங்கள் இருந்தன. தாழ்வாக அமைந்தது 1854இல் திறக்கப்பட்டு இன்றும் இயங்குகிறது. உச்சியில் நின்ற 'ஹை லெவல்' நிலையமோ 1954 செப்டம்பரில் மூடப்பட்டது.

1851 உலகக் கண்காட்சிக்காக ஹைட் பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய கண்ணாடி மாளிகையைப் பெயர்த்தெடுத்து இந்தக் குன்றில் மீண்டும் நிறுவினார்கள். அதைக் காண வந்தவர்கள் பழைய நிலையத்தில் இறங்கி மேடேற வேண்டும். அந்தக் கூட்டத்தை நாடியே, லண்டன் சாத்தம் அண்ட் டோவர் ரயில்வே இயக்கிய போட்டிக் கிளைப்பாதை 1865 ஆகஸ்ட் 1 அன்று மாளிகை வாசலுக்கே வந்து சேர்ந்தது.

நிலையத்தை வடிவமைத்தவர் எட்வர்ட் மிடில்டன் பேரி. கவன்ட் கார்டன் இசையரங்கைக் கட்டியவரும் அவரே. நடைமேடையையும் மாளிகையையும், இடையே ஓடிய சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை இணைத்தது. எண்கோணத் தூண்கள், அவற்றின் தலையிலிருந்து விசிறியாய் விரிந்து கூரையாகும் சிவப்பும் வெளிர்மஞ்சளுமான செங்கல் வரிசைகள். இத்தாலியத் தேவாலயக் கொத்தர்கள் வந்து கட்டியதாக வழங்கும் கதைக்குச் சான்றில்லை. யார் கட்டியிருந்தாலும், ரயிலேறும் சாதாரண மனிதர் நடந்துபோகும் வழிக்கு இத்தனை அழகு வேண்டும் என்று எண்ணிய அந்த மனம் வணக்கத்துக்குரியது.

1936 நவம்பர் 30 இரவில் மாளிகை எரிந்தது. அதனால்தான் நிலையம் அழிந்தது என்பார்கள். அது பாதி உண்மையே. 1871இல் கமீல் பிசாரோ வரைந்த ஓவியத்தில், இதே கிளைப்பாதையின் லார்ட்ஷிப் லேன் நிலையத்தைப் பாருங்கள்: இருபுறமும் புல்சரிவு, அங்கங்கே சில வீடுகள். தினமும் வேலைக்குப் போய்வருவோரை அந்த மரமடர்ந்த சரிவுகள் போதிய அளவில் தரவில்லை. முதல் உலகப்போரின்போதே பாதை சிலகாலம் மூடப்பட்டது. 1925இல் மின்மயமாக்கியும் நிலை தேறவில்லை. மாளிகையின் திருவிழாக் கூட்டமே அதன் முதல். தீ அதைப் பறித்தது. பழைய நிலையமோ பல திசைப் பாதைகள் கூடும் இடமாக இருந்ததால் பிழைத்தது.

கட்டடம் 1961இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் பின்னர் குடியிருப்புகள் வந்தன. இரண்டாம் உலகப்போரில் வான்தாக்குதலின்போது மக்களுக்குப் புகலிடமான சுரங்கப்பாதை மட்டும் தப்பியது. 1972இல் பாதுகாக்கப்பட்ட சின்னமான அதன் தகுதி 2018இல் மேலும் உயர்த்தப்பட்டது.