ராணி ராம்பால்

ராணி ராம்பால் (பிறப்பு: 1994 டிசம்பர் 4) இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியின் முன்னாள் தலைவர், முன்கள வீராங்கனை. 2008 முதல் 254 பன்னாட்டு ஆட்டங்களில் ஆடியவர். ஒலிம்பிக் வாய்ப்பே அரிதாக இருந்த ஓர் அணி ஒலிம்பிக் அரையிறுதி வரை வளர்ந்த காலம் முழுவதும் இவர் அதன் முன்வரிசையில் நின்றார்.

ஹரியானாவின் குருட்சேத்திர மாவட்டத்தில் உள்ள ஷாகாபாத் மார்க்கண்டா இவரது ஊர். சிறிய ஊரானாலும் இந்திய அணிக்குப் பல வீராங்கனைகளைத் தந்த இடம் அது. தந்தை வண்டித் தொழிலாளி. துரோணாச்சாரியார் விருது பெற்ற பல்தேவ் சிங்கின் பயிற்சிக் கூடத்தில் சேரச் சென்றபோது, உடலில் வலு இல்லை என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டார். உடைந்து கிடந்த மட்டையைக் கொண்டு தானே பழகி, மறுபடி மறுபடி கேட்டு இடம் பெற்றார். அங்கே ஒவ்வொருவரும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும். வீட்டில் அவ்வளவு வாங்க வசதியில்லாததால் தண்ணீர் கலந்து குடித்ததைப் பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பதினான்காம் வயதிலேயே தேசிய அணியில் இடம் கிடைத்தது. 2009இல் ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த சாம்பியன்ஸ் சேலஞ்ச் 2 இறுதி ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தார். மறு ஆண்டு அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் நடந்த உலகக் கோப்பையில் அணியிலேயே இளையவர். இந்தியா ஒன்பதாம் இடத்தில் முடித்தபோதும் தொடரின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது இவருக்கே வந்தது. 2013இல் ஜெர்மனியில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றது. தொடரின் சிறந்த வீராங்கனையும் இவர்தான்.

2016இல் 36 ஆண்டுகளுக்குப் பின் இந்தியப் பெண்கள் அணி ஒலிம்பிக்கில் ஆடியது. ரியோவில் கடைசி இடமே கிடைத்தது. அடுத்த ஆண்டு ராணியின் தலைமையில் ஜப்பானில் ஆசியக் கோப்பை கைக்கு வந்தது. சீனாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் ஷூட்-அவுட்டில் வெற்றிக் கோலை இவரே அடித்தார். 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி.

இவரது கோல்களில் கனமானது புவனேசுவரம் கலிங்கா அரங்கில் அடித்தது. டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச்சுற்று, 2019 நவம்பரில் அமெரிக்காவுடன் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு ஆட்டங்களாக நடந்தது. முதல் நாள் இந்தியா 5-1 என வென்றதால் இடம் உறுதி என்றே தோன்றியது. மறுநாள் இடைவேளைக்குள் அமெரிக்கா நான்கு கோல் அடித்து மொத்தக் கணக்கைச் சமன் செய்தது. 48ஆம் நிமிடத்தில் ராணி பந்தை வலைக்குள் செலுத்தினார். மொத்தக் கணக்கு 6-5. இந்தியா டோக்கியோ செல்லத் தகுதி பெற்றது.

கொரோனாவால் 2021க்குத் தள்ளிப்போன அந்த ஒலிம்பிக்கில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. பின் அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று காலிறுதிக்குள் நுழைந்து, அங்கே ஆஸ்திரேலியாவை 1-0 என வீழ்த்தியது. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடமும் வெண்கலப் பதக்க ஆட்டத்தில் பிரிட்டனிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றது. இடையில், 2020இல், ராணிக்குப் பத்மசிறீயும் கேல் ரத்னாவும் வழங்கப்பட்டிருந்தன.

டோக்கியோவுக்குப் பின் காயங்களால் பெரும்பாலும் அணிக்கு வெளியே இருந்தார். 2022 உலகக் கோப்பையில் ஆடவில்லை. 2023 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு மீண்டும் அழைக்கப்பட்டார். 2024 அக்டோபர் 24 அன்று டெல்லியில் ஓய்வை அறிவித்தார். அவர் அணிந்த 28ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என ஹாக்கி இந்தியா முடிவு செய்தது. பெண்கள் ஹாக்கி இந்தியா லீக்கில் சூர்மா அணியின் பயிற்சிப் பொறுப்பையும் ஏற்றார்.