ஒளிக்கட்டுப்பாட்டு விதிகள்: இலங்கை மலைநாட்டு ஆலைகளும் விடுதிகளும்

ஒளிக்கட்டுப்பாடு என்பது, ஒரு கட்டடத்தின் மின்விளக்குகள் வேண்டிய இடத்தில், வேண்டிய வேளையில், வேண்டிய அளவுக்கு மாத்திரம் எரிந்து, ஏனைய சமயங்களில் தாமாகவோ மனிதர் கையாலோ அணையும்படி செய்கின்ற ஆளிகள், நேரக்கருவிகள், உணரிகள் ஆகியவற்றையும் அவற்றுக்கு இசைந்த மின்னிணைப்பு முறையையும் ஒருங்கே குறிக்கும். இந்த ஏற்பாட்டைக் கட்டட உரிமையாளரின் மனப்போக்குக்கு விட்டுவிடாமல், இன்ன அளவுள்ள கட்டடத்தில் இன்ன சாதனம் இருத்தல் அவசியம் என்று விதித்துரைப்பது சக்தி விதிக்கோவையின் ஒரு பகுதி. கொழும்பின் கண்ணாடி மாளிகைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதுபோல் தோன்றும் இவ்விதிகள், நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை ஆகிய இடங்களின் தேயிலை ஆலைகளுக்கும் விடுதிகளுக்கும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதே இங்கு ஆராயப்படுவது.

மலைநாட்டுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழமையானது. 1912 ஆம் ஆண்டில் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளாக்பூல் என்னுமிடத்தில் சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளி வழங்கிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, 1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின்முன் வாசித்த கட்டுரையில், மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகிய ஆறுகளின் வீழ்ச்சியைக்கொண்டு நாடு முழுவதற்கும் மின்வலு பெறலாம் என்று நிறுவினார். அக்கனவு பலிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. லக்ஷபான நிலையத்தின் முதற்கட்டம் 1950 இல்தான் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும், அண்மைக் காலத்தில் 2012 இல் தலவாக்கலையில் முடிவுற்ற 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டமும் அதன் தொடர்ச்சியே. தீவின் விளக்குகளுக்கு எண்ணெய் வார்த்த இம்மலைகளில், அணைக்கட்டு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க, தோட்டத்து லயங்கள் பல தசாப்தங்கள் குப்பிவிளக்கிலேயே இரவைக் கழித்தன என்பதையும் இவ்விடத்திற் குறிப்பிடாமற் செல்வது முறையன்று.

மழையை நம்பிய மின்வலு மழையோடு தவறும். 1996 ஆம் ஆண்டின் வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்ற, நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டை அனுபவித்தது. அந்த அனுபவத்தின் பின், 2000 ஆம் ஆண்டில் இலங்கை மின்சார சபை வர்த்தகக் கட்டடங்களுக்கான முதலாவது சக்தி வினைத்திறன் விதிக்கோவையை வெளியிட்டது. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை தோற்றுவிக்கப்பட்டபோது இப்பணி அதன் பொறுப்பிற் சேர்ந்தது. அவ்வதிகாரசபை 2008 இல் திருத்திய கோவையையும், பின்னர் 2020 என்ற ஆண்டெண்ணோடு மற்றுமொரு புதிய கோவையையும் வெளியிட்டது. 2008 ஆம் ஆண்டுக் கோவை, நான்கு மாடிகள் அல்லது அதற்கு மேற்பட்ட உயரம், 500 சதுர மீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட தளப்பரப்பு, 100 கிலோவோல்ற் அம்பியர் அல்லது அதற்கு மேற்பட்ட மின்கேள்வி, 350 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட குளிரூட்டற் கொள்ளளவு ஆகிய இலட்சணங்களுள் ஒன்றேனும் இருத்தலைக்கொண்டு தன் எல்லையை வகுத்தது. வர்த்தகக் கட்டடங்களோடு கைத்தொழிற் கட்டடங்களையும் அது கருத்திற் கொண்டது. குளிரூட்டியைக் கண்டறியாத தேயிலை ஆலை, தன் மாடிகளின் உயரத்தாலும் விசாலமான தளங்களாலும் இவ்வளவுகோலின் கீழ் வந்துவிடுகிறது என்பது, கோவையை எழுதியோர் எதிர்பார்த்ததோ இல்லையோ, கவனிக்கத்தக்கது.

இவ்வகைக் கோவைகளுக்கு ஊற்று, அமெரிக்க வெப்பமூட்டல், குளிரூட்டல், வளிச்சீராக்கப் பொறியியலாளர் சங்கம் எண்ணெய் நெருக்கடியின் பின் 1975 இல் வெளியிட்ட 90 ஆம் இலக்க நியமம். இந்தியா 2007 இல் வெளியிட்ட சக்திப் பேணற் கட்டடக் கோவையும் அம்மரபிற் கிளைத்ததே. இம்மரபு இரு வழிகளில் ஒளியை அடக்க முயல்கிறது. தளத்தின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் இத்தனை வாட் என்று நிறுவப்படும் விளக்குகளின் வலுவுக்கு உச்சவரம்பு விதிப்பது ஒன்று. நிறுவியவை எரியும் காலத்தைச் சுருக்குவது மற்றொன்று. இந்தியக் கோவை 2007 இல் அலுவலகங்களுக்கு விதித்த வரம்பு 10.8 வாட்; 500 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கட்டடங்களில் விளக்குகள் தாமாக அணையும் ஏற்பாட்டையும், 30 சதுர மீற்றருக்குக் குறைந்த அலுவலக அறைகளில் ஆள் நடமாட்டத்தை அறியும் உணரியையும், வெளிவிளக்குகளுக்குச் சூரியனின் உதயாஸ்தமனத்தைப் பின்பற்றும் நேரக்கருவியையோ ஒளியுணரியையோ அது கேட்டது. சுவரால் அடைக்கப்பட்ட ஒவ்வோர் அறைக்கும் அவ்வறையிலிருந்தே இயக்கக்கூடிய தனி ஆளி, யன்னலோர விளக்குகளுக்கு உட்பகுதி விளக்குகளிலிருந்து பிரிந்த கட்டுப்பாடு, விடுதி அறையின் வாயிலில் எல்லா விளக்குகளையும் ஒருங்கே அணைக்கும் தலைமை ஆளி என்பனவும் இம்மரபிற் பயின்றுவருபவை. இவற்றில் எதுவும் புதுமையான கருத்தன்று. வீட்டுக்குத் தலைவியாயிருக்கும் எந்தப் பாட்டியும் சொல்லக்கூடியதே. ஆயினும் மின்னிணைப்பாளர் குழாய்களைச் சுவரிற் பதிக்கும் வேளையில் அப்பாட்டி அருகில் இருப்பதில்லை.

தோட்ட மக்கள் ஸ்டோர் என்று அழைக்கும் தேயிலை ஆலைக்குள் நுழைந்து பார்த்தால் விதியும் வேலையும் எங்கே கைகோக்கின்றன, எங்கே முரண்படுகின்றன என்பது விளங்கும். மேல்மாடிகள் முழுவதும் கொழுந்து வாட்டுமிடம். நீண்ட தொட்டிகளில் பரப்பிய கொழுந்தினூடே கீழிருந்து விசிறிகள் காற்றைச் செலுத்த, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அது வாடிக்கிடக்கும். அந்நேரத்திற் பெரும்பகுதி இரவு. கொழுந்தைக் கிளறிவிடவும் வாட்டத்தைக் கைப்பிடியில் நசுக்கிப் பார்க்கவும் இடையிடையே ஒருவர் வந்து போவாரேயன்றி, அம்மாடியில் நிலையாக நிற்பார் எவருமிலர். அங்ஙனமிருந்தும், பழைய ஆலைகள் பலவற்றில், கீழ்த்தளத்துப் பலகையிலுள்ள ஒரே ஆளியைத் தட்டினால் ஒரு மாடி முழுவதும் எரியும்படி இணைப்பு அமைந்திருக்கும். ஒரு தொட்டியைப் பார்க்க வந்தவனுக்காக இருபது தொட்டிகளுக்கு மேலே விளக்கெரியும். ஆள் நடமாட்டத்தை அறிந்து ஏற்றி, ஆள் நீங்கிச் சற்றுநேரத்தில் அணைக்கும் உணரிக்கு இதைவிடச் சிறந்த இடம் ஒரு நகர அலுவலகத்திற்கூடக் கிடைப்பது அரிது.

ஆனால் உணரியின் வகையை ஆலையின் இயல்பறிந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும். செவிக்கெட்டாத ஒலியலைகளை அனுப்பி அவற்றின் மாறுதலால் அசைவை அறியும் வகை, விசிறிக் காற்றையே ஆள் என்று எண்ணி இரவெல்லாம் விளக்கை எரியவிடக்கூடும். உடற்சூட்டின் அசைவை அறியும் அகச்சிவப்பு வகை மாடிக்குப் பொருந்தும். உலர்த்தும் பொறியின் அருகே, சூடான காற்று வெளிப்படுமிடத்தில், அதுவும் தடுமாறும். சலிக்கும் அறையிலோ பிரச்சினை வேறு: காற்றில் மிதக்கும் நுண்ணிய தேயிலைத் துகளும் பஞ்சும் உணரியின் வில்லையில் மெல்லிய படலமாகப் படிந்து, அதனை நாளடைவிற் குருடாக்கிவிடும். வாரந்தோறும் ஒரு துணியால் துடைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்காத ஆலையில், விலையுயர்ந்த உணரியைக்காட்டிலும் கதவருகே ஒரு சாதாரண ஆளி நம்பகமானது. அதே துகள் விளக்கின் மேலும் படிந்து ஒளியைக் குறைக்கிறது. மங்கிய விளக்கைத் துடைப்பதற்குப் பதிலாகப் புதிய விளக்கொன்றைக் கூட்டுவதே வழக்கமாகிவிடுவதால், வாட் வரம்பு முதலில் மீறப்படும் இடமும் பெரும்பாலும் இதுவேயாகிறது.

கொழுந்தை அரைக்கும் ரோலர்கள் சுழலும் கீழ்த்தளத்தில் விதி வாயடைத்து நிற்க வேண்டும். வாடிய கொழுந்து நள்ளிரவுக்குப் பின்னரும் விடியற்காலையிலும் ரோலர்களுக்கு இறங்குகிறது. பித்தளைத் தட்டின்மேல் பாரமான மூடியோடு சுழலும் அப்பொறியின் பக்கத்தில் கைநீட்டி நிற்கும் தொழிலாளியின் தலைக்குமேல், அவர் சில நிமிடம் அசையாதிருந்தார் என்பதற்காக விளக்கை அணைத்துவிடும் கருவி, சேமிப்புச் சாதனமாகாது. விபத்துக்கு வழிகோலும் சாதனமாகும். தானாக அணைவதால் ஆட்களின் பாதுகாப்புக்கு ஆபத்து நேரக்கூடிய இடங்களுக்கும், அவசரகால விளக்குகளுக்கும் விதிவிலக்கு அளிப்பது இம்மரபின் வழக்கம். ரோலர் தளமும் படிக்கட்டுகளும் அவ்விதிவிலக்கை முழு உரிமையோடு கோரலாம். பழைய குழல்விளக்கு 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தில் வினாடிக்கு நூறு முறை துடிப்பதனால், சுழலும் சக்கரம் நிற்பதுபோன்ற மாயத்தோற்றத்தைத் தரக்கூடும் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. நொதிக்கும் இடத்தில் இலையின் செப்பு நிறத்தைக் கண்டு பதம் சொல்லும் டீமேக்கருக்கு, வாட் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மஞ்சள் ஒளி பொழியும் சோடியம் விளக்கைக் கொடுப்பது, அவர் கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம். அத்துடன் சோடிய, பாதரச ஆவி விளக்குகள் அணைந்தால் மீண்டும் ஏறப் பல நிமிடங்கள் பிடிக்கும்; உணரியோடு அவை சேரா. உடனே எரியும் எல்இடி விளக்குகள் பரவியதன் பின் உணரிகளின் பயனும் கூடியது.

பகலொளியின் விஷயத்தில் தேயிலை ஆலை நவீனக் கட்டடக்கலைக்கு ஆசான் எனலாம். மின்சாரம் அருமையாயிருந்த காலத்தில் எழுந்த அக்கட்டடங்களின் நெடுஞ்சுவர்கள், மாடிக்கு மாடி, நெருக்கமாக அடுக்கிய யன்னல்களால் ஆனவை. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் ஆலை 1996 இல் விடுதியாக மாற்றப்பட்டபோது, கொழுந்து வாடிய மாடிகளே விருந்தினர் அறைகளாயின. அந்த யன்னல் வரிசை இன்றும் வெளியிலிருந்து காண்போரை ஆலை என்றே மயங்கச் செய்கிறது. இத்தகைய கட்டடத்தில் பகலொளியைப் பயன்படுத்த விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. விளக்கு வரிசைகளை யன்னற் சுவருக்குச் சமாந்தரமாக இணைத்து, வரிசைக்கு ஓர் ஆளி வைத்தாற் போதும்: காலை எட்டு மணிக்கு யன்னலோர வரிசையை அணைத்து நடுவரிசையை மாத்திரம் எரியவிடலாம். சுவருக்குக் குறுக்காக இணைத்துவிட்டால், நடுவே இருளிருக்கும் வரை ஓரத்திலும் விளக்கெரியும். அதனைத் திருத்தக் குழாய்களை மீண்டும் பெயர்க்க வேண்டிவரும்.

மலைநாட்டின் காலநிலை இன்னொரு நுட்பத்தை வேண்டுகிறது. ஏழாம் பாகை அகலாங்கை அடுத்துள்ள நுவரெலியாவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஒரு மணி நேரத்துக்கும் குறைவு; அஸ்தமனம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.50 க்கும் 6.30 க்கும் இடையே நிகழ்கிறது. ஆகையால் குளிர்நாட்டார் பருவந்தோறும் திருத்த வேண்டிய நேரக்கருவி, இங்கு ஏறக்குறைய ஒரே நிலையில் ஆண்டு முழுவதும் ஓடும். இடையூறு செய்வது மூடுபனி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையான மாதங்களில் ஹற்றன் பக்கத்துப் பள்ளத்தாக்குகள் நண்பகலிலேயே இருண்டுவிடுவதுண்டு. ஒளியுணரி மாத்திரம் பொருத்திய முற்றத்து விளக்குகள் அப்போது ஏறும், வெயில் கீறினால் அணையும், மீண்டும் ஏறும். உணரியையும் நேரக்கருவியையும் தொடராக இணைத்து, இரண்டும் சம்மதித்தாலன்றி அலங்கார விளக்குகள் எரியாதபடியும், வாகனங்கள் திரும்பும் வளைவுகளில் ஒளியுணரி ஒன்றே ஆணையிடும்படியும் அமைப்பது இவ்விடத்துக்கு ஏற்ற முறை. சித்திரை மாதத்து வசந்தகால விழாவுக்கென நகர விடுதிகள் தூக்கும் வண்ணவிளக்குகளுக்கும், நள்ளிரவுக்குப் பின் அவற்றைப் பார்ப்பார் இல்லையாதலால், நேரக்கருவி அத்தியாவசியம்.

பணக்கணக்கு ஆலையையும் விடுதியையும் வெவ்வேறாக நடத்துகிறது. இலங்கையின் நேரவாரி மின்கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சவேளை, 10.30 முதல் காலை 5.30 வரை மிகக் குறைந்த கட்டணம். விடுதியின் வரவேற்புக்கூடம், போசனசாலை, நடைவழி, தோட்டம் ஆகிய யாவும் ஒளிர்வது அந்த உச்சவேளையிலேயே. விருந்தினர் உணவுக்கு இறங்கிய பின் அறையில் எரியும் விளக்கு உயர்ந்த விலைக்கு வாங்கிய விரயம். சாவி அட்டையைச் செருகினாலன்றி அறைக்கு மின்சாரம் வராத ஏற்பாடு இங்கே தன் விலையை விரைவில் மீட்கும். ஆலையிலோ, வாட்டு விசிறிகளும் ரோலர்களும் உண்ணும் மின்சாரத்தின்முன் விளக்குகளின் பங்கு சிறிது; ரோலர்கள் ஓடும் நேரத்திற் பெரும்பகுதியும் குறைந்த கட்டணத்துக்குள் அடங்கும். ஆகவே தேயிலை ஆலையின் சக்திக் கணக்கை விளக்கிலிருந்து தொடங்குபவர், விசிறியின் வேகத்தைக் கொழுந்தின் வாட்டத்துக்கேற்பக் குறைக்கும் கருவியை முதலிற் பார்ப்பது விவேகம். இதைச் சொல்வது ஒளிவிதிகளைக் குறைத்து மதிப்பதாகாது; 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியபோது, டீசல் இயந்திரத்தை ஓட்டி வேலை நடத்த நேர்ந்த கட்டடங்களில், எந்த விளக்கு இன்றியமையாதது, எது வெறும் பழக்கம் என்பதைப் பிரித்தறிய இணைப்புகளே பிரிந்திருத்தல் எவ்வளவு உதவி என்பது உணரப்பட்டது.

கோவையின் பெரிய குறை, அது புதிய கட்டடத்தை நோக்கிப் பேசுவது. மலைநாட்டின் ஆலைகளிற் பல பிரித்தானியர் காலத்தவை. அவற்றில் விதி உயிர்பெறும் சந்தர்ப்பம், கூரை மாற்றும்போதோ மின்னிணைப்பைப் புதுப்பிக்கும்போதோதான் வாய்க்கிறது. அவ்வேளையில் தோட்டத் துரையும் டீமேக்கரும் மின்னிணைப்பாளரும் ஒருமுறை கூடி, எந்த வரிசை யன்னலைச் சேர்ந்தது, எந்தத் தளம் இரவில் ஆளற்றது, எங்கே விளக்கு அணையவே கூடாது என்று வரைபடத்திற் குறித்துக்கொள்வார்களாயின், கோவை கேட்பதில் முக்கியமான பகுதி செலவின்றி நிறைவேறும். புதிதாக இணைப்புப் போடவிருக்கும் ஆலையினர் அந்த வரைபடத்தைக் குழாய் பதிப்பதற்கு முன்னரே கேட்டு வாங்கிக்கொள்வார்களாக.