உலகை வென்ற சிற்றூர்

ஸ்காட்லாந்து நாட்டின் மேற்குப் பகுதியில், லோமண்ட் ஏரியில் பிறந்து கிளைட் ஆற்றில் கலக்கும் லீவன் என்ற சிற்றாற்றின் கரையில் ரென்ட்டன் என்றோர் ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வூர் மக்களுக்குச் சாயப்பட்டறைகளே வாழ்வளித்தன. துணியை வெளுத்து, எளிதில் மங்காத செஞ்சாயம் ஏற்றி, அச்சிட்டு அனுப்புவது அவர்கள் தொழில். அத்துணியில் கணிசமான பகுதி கப்பலேறி வந்தது நம் இந்தியாவுக்குத்தான். நம் முன்னோர் உடுத்திய சிவப்புத் துணிகள் சிலவற்றில் அந்த ஆற்றுநீர் பட்டிருக்கக்கூடும்.

இந்தத் தொழிலாளர் ஊரில் 1872-ஆம் ஆண்டு ஒரு கால்பந்துக் கழகம் தோன்றியது. மறு ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள், ஸ்காட்லாந்துக் கோப்பைக்கான போட்டிகள் முதன்முதலாகத் தொடங்கியபோது, கில்மார்னக் அணியை வென்ற பெருமை ரென்ட்டனுக்குக் கிடைத்தது. 1885-இல் அண்டை ஊர் அணியாகிய வேல் ஆஃப் லீவனைத் தோற்கடித்துக் கோப்பையையே கைப்பற்றியது. 1888 பிப்ரவரி 4-ஆம் நாள் கேம்பஸ்லாங் அணியை 6-1 என்று வீழ்த்தி மீண்டும் கோப்பையை வென்றது. அவ்வாண்டு மே 19-ஆம் நாள், இங்கிலாந்துக் கோப்பையை வென்றிருந்த வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியைக் கிளாஸ்கோ நகரின் ஹாம்ப்டன் திடலில், இடியும் மழையுமான வேளையில், 4-1 என்ற கணக்கில் வென்றது. அந்நாளில் கால்பந்தாட்டத்தில் இவ்விரு நாடுகளுக்கு நிகரான நாடு வேறு இல்லை. ஆகவே ரென்ட்டன் மக்கள் தங்கள் திடலில் 'உலகச் சாம்பியன்கள்' என்று பலகை மாட்டியதை வெறும் தற்பெருமை என்று நாம் தள்ளிவிட முடியாது.

இதே வேளையில் கிளாஸ்கோவில் வேறொரு வரலாறு தொடங்கியிருந்தது. அது கத்தோலிக்கராகிய நம்மவரின் வரலாறு. அயர்லாந்தில் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஏழைகள் அந்நகரின் கிழக்குப் பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தனர். மரிஸ்ட் சபையைச் சார்ந்த அருட்சகோதரர் வால்பிரிட், பசியோடு பள்ளிக்கு வந்த சிறுவர்க்கு மதிய உணவளிக்கும் பணியைப் புனித வின்சென்ட் தே பவுல் சபையாரோடு சேர்ந்து நடத்தி வந்தார். அதற்குப் பொருள் திரட்டும் நோக்குடன் 1887 நவம்பர் 6-ஆம் நாள், புனித மரியன்னை ஆலய மண்டபத்தில் செல்ட்டிக் கழகம் தொடங்கப்பட்டது.

அக்கழகம் தன் முதல் ஆட்டத்தை 1888 மே 28-ஆம் நாள் ரேஞ்சர்ஸ் அணியுடன் ஆடி 5-2 என்று வென்றது. முதல் கோலை அடித்தவர் நீல் மக்கல்லம். அணியின் நடுநாயகமாக நின்றவர் ஜேம்ஸ் கெல்லி. இருவருமே அவ்வாண்டு கோப்பையை வென்ற ரென்ட்டன் அணியினர். உலகச் சாம்பியன் என்ற பெயர் கிடைத்து ஒன்பது நாள்கள்தாம் கடந்திருந்தன. பின்னர் இருவரும் செல்ட்டிக்கிலேயே சேர்ந்துவிட்டனர். கெல்லி அதன் முதல் அணித்தலைவரானார். ஸ்காட்லாந்தில் ஆட்டக்காரர்க்கு ஊதியம் தருவது அப்போது விதிக்குப் புறம்பானது. ஆயினும் சில காலத்தில் அவர் ஒரு மதுக்கடைக்கு உரிமையாளரானார். எடின்பரோவில் புனித பேட்ரிக் பங்கில் 1875-இல் தோன்றி, செல்ட்டிக்கிற்கே முன்மாதிரியாக விளங்கிய ஹிபர்னியன் கழகத்திலிருந்தும் ஆட்டக்காரர் பலர் அழைத்துக்கொள்ளப்பட்டனர். அக்கழகம் 1891-இல் செயலிழந்து, பின்னரே மீண்டும் உயிர் பெற்றது.

ரென்ட்டனின் வீழ்ச்சிக்குச் செல்ட்டிக் மட்டுமே காரணமன்று. இங்கிலாந்தில் 1885 முதல் ஊதியம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதால் தென்திசை நகரங்களும் அவ்வூர் இளைஞரை ஈர்த்தன. 1890-இல் ஸ்காட்லாந்துக் கழகங்களை ஒன்றிணைத்து லீக் அமைக்க மடல் எழுதி அழைத்தவர் ரென்ட்டனின் செயலர் பீட்டர் ஃபேர்லியே. சேர்ந்த பதினொரு கழகங்களுள் மூன்று லீவன் ஆற்றங்கரையைச் சார்ந்தவை. ஆனால், தடைசெய்யப்பட்ட அணி ஒன்றோடு ஆடிய குற்றத்துக்காக ரென்ட்டன் அவ்வாண்டே விலக்கப்பட்டு, வழக்காடியபின் மீண்டும் இடம்பெற்றது. 1893-இல் ஸ்காட்லாந்திலும் ஊதியம் அனுமதிக்கப்பட்டது. சிற்றூரின் நுழைவுக் கட்டணம் பெருநகரின் பணத்தோடு எப்படிப் போட்டியிடும்? 1897-இல் லீக்கிலிருந்து விலகிய ரென்ட்டன் கழகம் 1922-இல் கலைந்தது.

அந்த 1897-ஆம் ஆண்டிலேயே செல்ட்டிக் பங்குதாரர்களைக் கொண்ட நிறுவனமாக மாறியது. அருட்சகோதரர் வால்பிரிட் 1892-இலேயே லண்டனுக்கு மாற்றப்பட்டிருந்தார். ஏழைச் சிறுவரின் உணவுக்கென்று தொடங்கிய கழகத்திலிருந்து அவர்களுக்குச் சென்ற பொருள் சுருங்கிப்போயிற்று. இன்று அக்கழகம் அறப்பணிக்கென ஓர் அறக்கட்டளையை நடத்துவது மகிழ்ச்சிக்குரியது.

இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசரிடம் உரைத்த கதை நமக்கு நினைவுக்கு வருகிறது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வர் பறித்தது எதற்காக? வழிப்போக்கர் ஒருவருக்கு விருந்து படைப்பதற்காக. விருந்தோம்பல் நற்செயலே. ஆயினும் குற்றம் குற்றமே. செல்ட்டிக்கைத் தொடங்கியவர்கள் செல்வர்கள் அல்லர். அவர்கள் கண்முன் நின்ற பசி உண்மையானது. கெல்லியும் அயர்லாந்து ஏழைக் குடும்பத்தின் மகனே. நல்வாழ்வு தேடியதை நாம் பழிக்க இயலாது. ஆனால் பெருநகருக்கு ஆள்கள் ஆயிரம். ரென்ட்டனுக்கோ அந்தப் பதினொருவரே.

பங்குப் பணியாளராகிய நாமும் இதற்கு விலக்கல்ல. கிளைப்பங்கில் நன்றாகப் பாடும் இளைஞரைத் தலைமைப் பங்கின் பாடற்குழுவுக்கு அழைத்துக்கொள்கிறோம். திறமையான உபதேசியாரைச் சிற்றூரிலிருந்து பேரூருக்கு மாற்றுகிறோம். பிறகு அச்சிற்றாலயத்தில் ஞாயிறு வழிபாடு களையிழந்துவிட்டது என்று நாமே குறைப்பட்டுக்கொள்கிறோம். அறப்பணிக்காக ஒருவரை அழைக்கும்போது, அவர் விட்டுவரும் இடத்தில் யார் மிஞ்சுகிறார்கள் என்று முதலில் போய்ப் பார்த்துவர வேண்டும். அந்த ஒரு பயணத்தைத்தான் நாம் பெரும்பாலும் மேற்கொள்வதில்லை.