ஒரு போலிப் பத்திரமும் அதைக் கண்டறிந்த அறிஞரும்

வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இரஃபாயேல் அறைகள் என்று அழைக்கப்படும் நான்கு அறைகளுள் மிகப் பெரியது கான்ஸ்தந்தீன் அறை. இரஃபாயேல் 1520-இல் இறந்துவிட்டதால், அவருடைய மாணவர்கள் அதை வரைந்து 1524-இல் முடித்தார்கள். அதன் சுவர்களில் ஒன்றில், பேரரசர் கான்ஸ்தந்தீன் திருத்தந்தை முதலாம் சில்வெஸ்தர் முன் முழந்தாளிட்டு, உரோமை நகரைக் குறிக்கும் சிறிய தங்கச் சிலை ஒன்றை அவரிடம் ஒப்படைக்கிறார். பழைய புனித பேதுரு பேராலயத்தின் உட்புறம் பின்னணியாகத் தெரிகிறது. அழகான ஓவியம். ஆனால் அதில் காட்டப்படும் நிகழ்ச்சி வரலாற்றில் நடக்கவே இல்லை. அந்த ஓவியர்கள் தூரிகையை எடுப்பதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அறிஞர் அதை நிரூபித்தும் இருந்தார்.

'கான்ஸ்தந்தீனின் கொடை' என்று வரலாற்றில் பெயர்பெற்ற பத்திரத்தைப் பற்றித்தான் நாம் இங்கே பேசுகிறோம். அதன் கதைச் சுருக்கம் இது. பேரரசருக்குத் தொழுநோய் வருகிறது. குழந்தைகளின் இரத்தத்தில் குளித்தால் குணமாகும் என்று பிற சமயப் பூசாரிகள் சொல்கிறார்கள். தாய்மாரின் கண்ணீரைக் கண்டு மனமிரங்கிய அரசர் அதை மறுத்துவிடுகிறார். அன்றிரவு புனிதர்கள் பேதுருவும் பவுலும் கனவில் தோன்றி, சில்வெஸ்தரைத் தேடிச் செல்லுமாறு கூறுகிறார்கள். சில்வெஸ்தர் திருமுழுக்குக் கொடுக்க, நோய் நீங்குகிறது. நன்றிக் கடனாக அரசர் இலாத்தரன் அரண்மனையையும், தம் மணிமுடியையும், உரோமையையும், இத்தாலியையும், மேற்குப் பகுதிகள் அனைத்தையும் திருத்தந்தைக்கும் அவருக்குப் பின் வருபவர்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிழக்கே குடிபெயர்கிறார்.

சில்வெஸ்தர் திருத்தந்தையாக இருந்தது 314 முதல் 335 வரை. கான்ஸ்தந்தீன் 337-இல் மரணப் படுக்கையில்தான், அதுவும் உரோமையில் அல்ல, நிக்கோமேதியா அருகே அவ்வூர் ஆயர் யூசேபியுவின் கையால் திருமுழுக்குப் பெற்றார். அப்படியானால் பத்திரத்தை எழுதியவர் யார்? பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை. அறிஞர் பலர் அதை 8-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டில் பிராங்கு நாட்டில் எழுதப்பட்டது என்போரும் உண்டு. 8-ஆம் நூற்றாண்டின் நிலவரத்தை நினைத்தால் காரணம் ஓரளவு விளங்கும். லொம்பார்டியர் உரோமையை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். கிழக்கே இருந்த பேரரசர் உதவிக்கு வரவில்லை. திருத்தந்தை இரண்டாம் ஸ்தேவான் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பிராங்கு அரசர் பெப்பினிடம் அடைக்கலம் கேட்க வேண்டியிருந்தது. 756-இல் பெப்பின் அளித்த நிலங்களிலிருந்துதான் திருத்தந்தையரின் நாடு உண்மையில் தொடங்குகிறது. இப்படிப்பட்ட நெருக்கடியில் 'இது பழைய உரிமை' என்று காட்ட ஒரு தாள் யாருக்கோ தேவைப்பட்டிருக்கலாம்.

அந்தத் தாள் பின்னர் நெடுந்தூரம் பயணம் செய்தது. 1054-ஆம் ஆண்டுப் பிளவை ஒட்டி, திருத்தந்தை ஒன்பதாம் லியோவின் பெயரில் கான்ஸ்தாந்திநோபிள் முதுபெரும் தந்தைக்குச் சென்ற மடலில் அது சான்றாகக் காட்டப்பட்டது. திருச்சபைச் சட்டத் தொகுப்பான கிரேசியனின் நூலிலும் பிற்சேர்க்கையாக இடம்பிடித்தது. கவிஞர் தாந்தே அதை உண்மை என்றே நம்பினார், நம்பியதால்தான் வருந்தினார். திருச்சபைக்குச் செல்வமும் ஆட்சியும் வந்து சேர்ந்த அந்த நாளே எல்லாச் சீரழிவுக்கும் தொடக்கம் என்பது அவர் எண்ணம்.

ஐயம் எழுப்பியவர்கள் இல்லாமல் இல்லை. பேரரசர் மூன்றாம் ஓட்டோ 1001-இலேயே அதைப் பொய் என்று தள்ளினார். ஆனால் அரசர் சொன்னதால் அது அரசியலாகவே பார்க்கப்பட்டது. 1433-இல், பாசெல் பொதுச்சங்கத்தின் காலத்தில், பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த கூசா நகர் நிக்கோலாஸ் பழைய வரலாற்று ஏடுகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய கொடையைப் பற்றி அக்கால எழுத்தாளர் ஒருவர்கூட எழுதவில்லையே என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆயினும், ஓர் ஏடு ஒன்றைச் சொல்லவில்லை என்பதால் மட்டும் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இன்னும் வலுவான ஒரு சோதனை வேண்டியிருந்தது.

அதைச் செய்தவர் லொரென்சோ வல்லா. உரோமையில் 1407-ஆம் ஆண்டளவில் பிறந்தவர். தந்தை திருத்தந்தையின் அலுவலகத்தில் வழக்கறிஞர். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் வல்லவர். நல்ல இலத்தீன் எப்படிப் பேசப்பட்டது, ஒரு சொல் எந்தக் காலத்தில் என்ன பொருளில் வழங்கியது என்பதை விளக்கி அவர் எழுதிய நூல் ஐரோப்பாவெங்கும் பாடநூலானது. இத்தகைய புலமைதான் மறுமலர்ச்சிக் காலம் நமக்கு விட்டுச்சென்ற பெரிய செல்வம் என்று நாம் கருதுகிறோம். அக்காலத்து ஓவியங்களையும் சிலைகளையும் எல்லாரும் புகழ்கிறோம். ஆனால் சொற்களுக்கும் வயது உண்டு என்று அக்காலத்து அறிஞர்கள் கண்டுகொண்டதை அதிகம் பேசுவதில்லை.

1440-இல் வல்லா அந்தப் பத்திரத்தைக் கையில் எடுத்தார். முதலில் சாதாரண அறிவுக்கு எட்டும் கேள்விகள். தம் ஆட்சியில் பாதியை ஓர் அரசர் இப்படிக் கொடுத்திருந்தால் பிள்ளைகள் வாய்மூடி இருந்திருப்பார்களா? மூதவை இருந்திருக்குமா? சில்வெஸ்தரே அதை ஏற்றிருப்பாரா? இவர்கள் ஒவ்வொருவரும் அரசர் முன் என்ன பேசியிருப்பார்கள் என்று கற்பனை உரைகளே எழுதிக் காட்டுகிறார். அடுத்து, கொடுத்தது உண்மையானால் வாங்கியவர் ஆண்டிருக்க வேண்டுமே! எந்த நகருக்கு எந்த ஆளுநரைச் சில்வெஸ்தர் அனுப்பினார்? பேரரசர்களின் காசுகள் எண்ணிலடங்காமல் கிடைக்கின்றனவே, அக்காலத் திருத்தந்தை பெயரில் ஒரு காசாவது உண்டா?

பிறகுதான் மொழிக்கு வருகிறார். பத்திரத்தில் பேரரசர் தம் அதிகாரிகளைக் குறிப்பிடும்போது 'சத்ராப்' என்கிறார். அது பாரசீக ஆளுநருக்கு உரிய பெயர். உரோமை அரசவையில் கான்ஸ்தந்தீன் காலத்தில் அப்படி ஒரு பதவியே கிடையாது. ஆயிரம் ஆண்டு பழைய ஓலை என்று ஒருவர் நம்மிடம் காட்டும் ஏட்டில் 'கலெக்டர்' என்ற சொல் இருந்தால் நாம் என்ன நினைப்போம்? அதுபோலத்தான். அடுத்து, அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, எருசலேம் ஆகியவற்றோடு கான்ஸ்தாந்திநோபிளும் முதுபெரும் தந்தையின் ஆட்சிப்பீடம் என்று பத்திரம் பட்டியலிடுகிறது. பத்திரத்தின் கணக்குப்படி அந்நகர் இன்னும் கட்டப்படவே இல்லை. 330-இல்தான் அது அப்பெயரோடு திறந்து வைக்கப்பட்டது. 'தியாதெமா' என்பது பழங்காலத்தில் தலையில் கட்டும் துணிப்பட்டை. பத்திரமோ அதைப் பொன்னும் மணியும் பதித்த முடியாக்கிவிடுகிறது. கடைசியில் தரப்படும் ஆண்டுக் குறிப்பும் குழப்பமே. கான்ஸ்தந்தீன் நான்காம் முறையாகவும் கல்லிக்கானுஸ் நான்காம் முறையாகவும் கொன்சுலாக இருந்த ஆண்டு என்கிறது. கான்ஸ்தந்தீனின் நான்காம் முறை 315-இல், லிச்சீனியுவுடன். கல்லிக்கானுஸ் அவரோடு சேர்ந்து அப்பதவி வகித்ததே இல்லை.

ஒவ்வொரு பிழையைச் சுட்டும்போதும் போலியை எழுதியவரைக் கழுதை என்றும் முட்டாள் என்றும் வல்லா திட்டித் தீர்க்கிறார். இதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் சாந்தமான மனிதர் அல்ல. சக அறிஞர்களோடு வாழ்நாள் முழுவதும் சண்டை. சட்ட அறிஞர்களின் இலத்தீனைக் கேலி செய்ததால் பவியா நகரைவிட்டே போக வேண்டி வந்தது.

அவருடைய நோக்கமும் தூய்மையானது என்று சொல்லிவிட முடியாது. அப்போது அவர் அரகோன் அரசர் அல்ஃபோன்சோவிடம் பணியாற்றினார். நேப்பிள்ஸ் அரியணை யாருக்கு என்பதில் அந்த அரசருக்கும் திருத்தந்தை நான்காம் யூஜினுக்கும் கடும் பகை. திருத்தந்தையின் உலக ஆட்சிக்கு ஆதாரமே இல்லை என்று காட்டும் நூல் அரசருக்கு எவ்வளவு இனித்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். நூலின் முடிவில், திருத்தந்தை கிறிஸ்துவின் பதிலாளாக மட்டும் இருக்கட்டும், சீசரின் பதிலாளாகவும் இருக்க வேண்டாம் என்ற பொருளில் எழுதுகிறார். இது உள்ளத்திலிருந்து வந்த ஏக்கமா, அரசருக்கான வாதமா என்று இன்றும் அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். இரண்டும் கலந்திருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் 'சத்ராப்' என்ற சொல் அந்த இடத்தில் வரக்கூடாது என்பது, அதைச் சுட்டிக்காட்டியவர் யாருடைய சம்பளம் வாங்கினார் என்பதால் மாறப்போவதில்லை.

வல்லாவுக்குத் தொல்லை வந்தது வேறொரு காரணத்தால். திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கையைப் பன்னிரு திருத்தூதரும் ஆளுக்கொரு வரியாக இயற்றினார்கள் என்று நேப்பிள்ஸில் ஒரு பிரான்சிஸ்கன் துறவி மறையுரையில் கூற, வல்லா அதை எதிர்த்தார். 1444-இல் விசாரணை மன்றத்தின் முன் நிற்க வேண்டி வந்தது. அரசர் தலையிட்டுக் காப்பாற்றினார்.

இனி வருவது பலருக்கு வியப்பாக இருக்கும். 1447-இல் ஐந்தாம் நிக்கோலாஸ் திருத்தந்தை ஆனார். நூல்களின் மீது தீராத காதல் கொண்டவர். வத்திக்கான் நூலகத்திற்கு அடித்தளம் இட்டவர். கொடையைப் பொய் என்று எழுதிய அதே வல்லாவை அவர் உரோமைக்கு அழைத்து, 1448-இல் திருப்பீடத்தின் எழுத்தர் பணியில் அமர்த்தினார். துசிடிடீஸின் வரலாற்று நூலைக் கிரேக்கத்திலிருந்து இலத்தீனில் பெயர்க்கும் வேலையையும் கொடுத்தார். அடுத்து வந்த திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் அவரைத் தம் செயலர்களுள் ஒருவராக்கினார். இலாத்தரன் பேராலயத்தில் கானன் பதவியும் கிடைத்தது. 1457-இல் தொமினிக்கன் சபையார் புனித தோமா அக்குவினாரின் விழாவில் புகழுரை ஆற்ற அவரையே அழைத்தார்கள். அவரோ புனிதரின் வாழ்வை மனதாரப் புகழ்ந்துவிட்டு, இறையியலில் பழைய திருச்சபைத் தந்தையரே அவருக்கு மேல் என்று அங்கேயே சொல்லிவிட்டார்! அழைத்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அவர் கை வைத்த இன்னொரு நூல் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஏதென்சில் புனித பவுலின் சொல் கேட்டு நம்பிக்கை கொண்ட தியோனிசியு (திப 17:34) எழுதியதாகச் சில இறையியல் நூல்கள் இடைக்காலம் முழுவதும் மதிக்கப்பட்டன. தோமா அக்குவினார் அவற்றை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார். அவற்றை எழுதியவர் பவுலின் சீடர் அல்ல என்று வல்லா வாதிட்டார். இன்று அந்நூல்கள் கி.பி. 500-ஐ ஒட்டியவை என்பது ஏற்கப்பட்ட முடிவு. 2008 மே 14-ஆம் நாள் பொது மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இந்த ஆசிரியரைப் பற்றிப் பேசியபோது, அவர் பிற்காலத்தவர் என்பதை வெளிப்படையாகக் கூறி, அவருடைய இறையியலின் ஆழத்தையும் விளக்கினார். ஆசிரியர் பெயர் போனது. நூலின் மதிப்புப் போகவில்லை. கொடைப் பத்திரத்திலோ பெயரைத் தவிர வேறு மதிப்பு இருக்கவில்லை.

புதிய ஏற்பாட்டின் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் அவர் கிரேக்க மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுக் குறிப்புகள் எழுதினார். 'மெத்தனோயா' என்ற கிரேக்கச் சொல், செய்த பாவத்துக்காக வருந்துவதை விட மனம் மாறுவதையே குறிக்கிறது என்று அவர் கண்டார். நாம் தவக்காலத்தில் 'மனமாற்றம்' என்று கேட்கும் சொல்லின் பின்னணி இது. இக்குறிப்புகளின் கையெழுத்துப் படியை 1504-இல் லூவேன் அருகே ஒரு துறவு மடத்தின் நூலகத்தில் எராஸ்முஸ் கண்டெடுத்து, அடுத்த ஆண்டு பாரிசில் அச்சிட்டார். 1516-இல் அவரே கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வெளியிடுவதற்கு அது வழிகாட்டியது.

கொடை பற்றிய நூலின் விதி வேறு. வல்லா வாழ்ந்தவரை அது பெரிய புயல் எதையும் கிளப்பவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் உல்ரிக் ஃபொன் ஹுட்டன் அதை மீண்டும் அச்சிட்டு, குறும்பாகத் திருத்தந்தை பத்தாம் லியோவுக்கே காணிக்கையாக்கினார். 1520-இல் மார்ட்டின் லூத்தர் அதைப் படித்துத் திகைத்தார். பிளவின் நடுவே அது ஆயுதமாகிவிட்டதால், அமைதியாகக் கேட்கக்கூடிய காதுகள் உரோமையில் குறைந்துவிட்டன. கான்ஸ்தந்தீன் அறை ஓவியம் வரையப்பட்டது சரியாக இந்த ஆண்டுகளில்தான். அதில் சில்வெஸ்தருக்கு அப்போதைய திருத்தந்தை ஏழாம் கிளமெந்துவின் முகச்சாயலே தரப்பட்டுள்ளது. 1559-இல் வல்லாவின் நூல் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்ந்தது. ஐந்தாம் நிக்கோலாஸ் வேலை கொடுத்து மதித்த ஒருவரின் நூலுக்கு நூறாண்டு கழித்து இந்நிலை வந்தது நமக்கு வருத்தமே தருகிறது.

ஆயினும் அடுத்த தலைமுறையிலேயே, 1588 முதல் திருச்சபை வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்ட கர்தினால் பரோனியுஸ் பத்திரம் போலியே என்று ஒப்புக்கொண்டார். கிரேக்கர்தாம் அதைச் செய்திருப்பார்கள் என்று பழியை அவர்கள் தலையில் போட்டார் என்பது வேறு கதை. 1870-இல் திருத்தந்தையரின் நாடு முடிவுக்கு வந்தது. 1929-இல் இலாத்தரன் உடன்படிக்கையால் இன்றைய சிறிய வத்திக்கான் நாடு உருவானது. இடையில், 1881-இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை அறிஞர்களுக்குத் திறந்துவிட்டார். வரலாறு எழுதுபவர் பொய் சொல்லத் துணியக்கூடாது, உண்மையைச் சொல்ல அஞ்சவும் கூடாது என்று 1883-இல் ஒரு மடலில் அவர் நினைவூட்டினார்.

வல்லா 1457 ஆகஸ்டில் இறந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் இலாத்தரன் பேராலயம். நவம்பர் 9-ஆம் நாள் அதன் நேர்ந்தளிப்பு விழாவை நாம் ஒவ்வோர் ஆண்டும் கொண்டாடுகிறோம். கான்ஸ்தந்தீன் உரோமைத் திருச்சபைக்கு உண்மையிலேயே கொடுத்தவற்றுள் முதன்மையானது அந்தக் கோவில்தான்.