எஸ்.பி.ஐ. தொடர் இடைமுகம்

சீரியல் பெரிஃபரல் இன்டர்ஃபேஸ், சுருக்கமாக எஸ்.பி.ஐ., ஒரே மின்பலகையில் உள்ள சிப்புகள் பொதுவான கடிகாரத் துடிப்புக்கு ஏற்பப் பிட் பிட்டாகத் தரவு பரிமாறும் முறை. ஈதர்நெட், ரேடியோ மாட்யூல்கள் பலவற்றை மைக்ரோகன்ட்ரோலருடன் இணைப்பது இதுவே.

தோற்றம்

1980-களில் மோட்டோரோலா தன் மைக்ரோகன்ட்ரோலர்களுக்காக இதை உருவாக்கியது, 68எச்.சி.11 வரிசை இதைப் பரவலாக்கியது. 1982-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த ஐ2சி முறைக்கு இரண்டு கம்பிகள் போதும்; எஸ்.பி.ஐ.க்கு நான்கு வேண்டும், ஆனால் வேகம் பல மடங்கு. 1999-இல் அறிமுகமான எஸ்.டி. கார்டும் இந்த முறையை ஏற்றது. இதற்குப் பொதுத் தர ஆவணம் இல்லாததால், ஒவ்வொரு சிப்புக்கும் அதன் டேட்டாஷீட்டே விதி.

இயங்கும் விதம்

ஒரு கம்பியில் கடிகாரம், இரண்டில் போக்கும் வரவுமாகத் தரவு, நான்காவதில் எந்தச் சிப்புடன் பேச்சு என்ற தேர்வு. ஒரு பைட் வெளியே போகும்போதே ஒரு பைட் உள்ளே வரும். கடிகாரக் கம்பி ஓய்வில் எந்த மின்நிலையில் இருக்கிறது, எந்த விளிம்பில் பிட்டைப் படிப்பது என்ற இரண்டு தேர்வுகளால் நான்கு மோடுகள் உண்டு. இருபுறமும் ஒரே மோடில் இல்லாவிட்டால் வருவது குப்பைத் தரவு.

தகவல்தொடர்பு மாட்யூல்களில்

ஜி.எஸ்.எம். மோடம்கள் பெரும்பாலும் கடிகாரக் கம்பியில்லாத யு.ஏ.ஆர்.டி. என்ற தொடர் இடைமுகத்தின் வழியே, 1981-இல் ஹேய்ஸ் மோடத்துடன் வந்த 'ஏ.டி.' கட்டளைகளைப் பின்பற்றுகின்றன. ரிஜிஸ்டர்களை, அதாவது சிப்பின் உள் நினைவிடங்களை, நேரடியாக ஆளவேண்டிய சிப்புகளுக்கு எஸ்.பி.ஐ. பொருத்தமானது. விஸ்நெட்டின் டபிள்யூ5500 ஈதர்நெட் சிப் 80 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், செம்டெக்கின் எஸ்.எக்ஸ்.1276 என்ற நீண்டதூர லோரா ரேடியோ சிப் 10 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இதில் இயங்கும். இந்தியாவில் உரிமம் வேண்டாத 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் லோரா செயல்படுகிறது.

பாலாற்றுத் தோல் வட்டாரத்தில்

இத்தகைய மாட்யூல்கள் பயன்படக்கூடிய ஓர் இடம், தொழிற்சாலைக் கழிவுநீர்க் கண்காணிப்பு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஆலைகளின் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை அது நாட்டின் சட்டமாக ஏற்றது. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவை இணையவழி தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் கிடைத்த எண், இடைவிடாமல் கிடைக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய தொடர் கண்காணிப்பு அமைப்பில் ஓட்டமானி, பி.எச். மானி போன்றவை தொட்டியருகே இருக்கும். அங்கிருந்து கருவிப்பெட்டி வரையிலான நீண்ட கேபிளுக்கு ஆர்.எஸ்.485 என்ற தொடர் இணைப்பு முறை ஏற்றது, தூரம் கூடினால் எஸ்.பி.ஐ.யின் கடிகார விளிம்புகள் சிதையும். அதன் இடம் பெட்டிக்குள், சில சென்டிமீட்டர் தூரத்தில், மைக்ரோகன்ட்ரோலருக்கும் தகவல்தொடர்பு சிப்புக்கும் இடையில்.

வரம்புகள்

எஸ்.பி.ஐ.யில் ஒப்புகை இல்லை. பிழை காணும் வசதியும் முறையிலேயே இல்லை. சிப் கழன்றிருந்தாலும் கன்ட்ரோலர் எதையோ படித்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே முதலில் அடையாள ரிஜிஸ்டரைப் படித்துப் பார்ப்பது நல்ல வழக்கம்: எஸ்.எக்ஸ்.1276-இல் பதினறும முகவரி 42-ஐப் படித்தால் பதினறும எண் 12 வரவேண்டும். அனுப்பும் அளவீட்டோடு சி.ஆர்.சி. சரிபார்ப்பு எண்ணையும் சேர்க்க வேண்டும். குடிநீரைக் காக்க எடுக்கும் அளவீட்டில் இந்தச் சரிபார்ப்பைத் தவிர்ப்பது, அளக்காமல் விடுவதை விடத் தீமையானது. தவறான எண்ணை எல்லோரும் நம்பிவிடுவார்கள்.