மூன்றில் இரண்டு பங்கு வேகம்

1927ஆம் ஆண்டு பெர்னார்ட் ஷா ஓர் இசைத்தட்டில் பேசினார். வேற்றுமொழிக்காரர்களுக்கு வீட்டிலிருந்தபடியே மொழி கற்பிக்க இசைத்தட்டுகளை விற்றுவந்த லிங்குவாபோன் நிறுவனம் அதைப் பதிவு செய்தது. ஷாவுக்கு அப்போது எழுபத்தோரு வயது. ஆங்கில உச்சரிப்பைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டவர், முதலில் கிராமபோனின் வேகத்தைப் பற்றிப் பேசுகிறார். தன் குரலைக் கேட்டதும் 'இவன் ஒரு கொடிய மனிதன்' என்று உங்களுக்குத் தோன்றினால் கருவியின் வேகம் பிழையாக இருக்கிறது என்று பொருள். இனிய ஐரிஷ் குரலுள்ள ஒரு முதியவர் பேசுவதாகத் தோன்றும்வரை வேகத்தைக் குறையுங்கள், அப்போது பேசுவதுதான் நான் என்கிறார். பிறகு, மாசு மறுவற்ற சரியான ஆங்கிலம் என்று ஒன்று கிடையாது என்றும், எந்த இரண்டு பிரிட்டானியரும் ஒன்றுபோலப் பேசுவதில்லை என்றும் சொல்கிறார். லண்டனுக்கு வரும் அயல்நாட்டாருக்கு அவர் தரும் அறிவுரை விசித்திரமானது. திருத்தமாகப் பேச முயலாதீர்கள். உடைந்த ஆங்கிலத்தில் பேசுங்கள், எல்லோரும் உதவிக்கு ஓடி வருவார்கள் என்பது அதன் சாரம். உச்சரிப்பு கற்பிக்கும் வணிகத்துக்காகப் பதிவான தட்டிலேயே அந்த வணிகத்தின் அடிப்படையைக் கேலிசெய்ய ஷாவால்தான் முடியும்.

இந்தத் தட்டின் ஒலிப்பதிவை இணையத்தில் நான் கேட்டபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன். இருபது வயதில் கேட்டிருந்தால் சில அவமானங்கள் இலேசாகியிருக்கும். தமிழ்வழியில் படித்து, தமிழிலக்கியத்தில் முதுகலை முடித்து, ஒரு கருத்தரங்கில் முதன்முறையாக ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேசியபோது 'கடன்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை 'டெப்ட்' என்று சொன்னேன். எழுத்தில் அப்படித்தானே இருக்கிறது? அது 'டெட்' என்று அவையில் யாரோ மெல்லத் திருத்தினார்கள், சிலர் சிரித்தார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் 'பி' எழுத்தை ஆங்கிலேயர் எக்காலத்திலும் உச்சரித்ததில்லை என்பதும், பிரெஞ்சிலிருந்து 'பி' இல்லாமல் வந்த சொல்லுக்கு, இலத்தீன் மூலத்தைக் காட்டவேண்டும் என்ற ஆசையில் பிற்கால அறிஞர்கள் அதைச் செருகி வைத்தார்கள் என்பதும் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. கண்ணால் கற்றவனைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே நட்டுவைத்த எழுத்து அது என்று அன்றைய கோபத்தில் நினைத்திருப்பேன்.

கண்ணால் மட்டுமே ஆங்கிலம் கற்ற தலைமுறைகள் நாம். இது தற்செயலாக நிகழ்ந்ததல்ல. டாக்காவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சைவிட வாசிப்பே முதலில் பயன்படும் என்று வாதிட்டவர். 1926இல் வங்காளத்தின் இருமொழிக் கல்வியைப் பற்றி நூல் எழுதினார். பள்ளியைப் பாதியில் விட்டுச் செல்பவனுக்கு அரைகுறைப் பேச்சு எதற்கும் உதவாது, ஓரளவு வாசிப்பு உதவும் என்ற அவர் கணக்கில் நேர்மை இருந்தது. வாசிப்பை எளிதாக்கச் சொற்களை எண்ணத் தொடங்கினார். 1935இல் அவரும் எண்டிகாட்டும் சேர்ந்து வெளியிட்ட அகராதி 24,000 பதிவுகளை வெறும் 1,490 சொற்களைக் கொண்டு விளக்கியது. 1953இல் வெளிவந்த அவருடைய பொதுப்பயன் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. இன்று கைப்பேசிச் செயலிகள் 'அடிப்படைச் சொற்கள்' என்று பரிமாறுவதெல்லாம் இந்தப் பட்டியலின் பேரப்பிள்ளைகள். டாக்காவின் வகுப்பறையில் தொடங்கிய கணக்கு அது என்பதை அந்தச் செயலிகள் சொல்வதில்லை.

காதுக்கான வரலாறு வேறு தடத்தில் நடந்தது. லண்டனில் டேனியல் ஜோன்ஸ் 1917இல் ஆங்கில உச்சரிப்பு அகராதியை வெளியிட்டார். அதில் அவர் பதிவு செய்தது, உண்டுறைப் பள்ளிகளில் பயின்ற தென்னிங்கிலாந்துக் குடும்பங்களின் பேச்சை. முதற்பதிப்பில் அதற்குப் பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு என்று வெளிப்படையாகவே பெயரிட்டிருந்தார். 1926ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 'ஏற்கப்பட்ட உச்சரிப்பு' ஆயிற்று. யாரால் ஏற்கப்பட்டது என்ற கேள்வி அந்தப் பெயர்மாற்றத்தில் மறைந்துபோனது. உள்ளதை விவரிப்பதே தன் வேலை, விதிப்பது அல்ல என்று ஜோன்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். உலகம் அவர் அகராதியை விதிநூலாகவே கையாண்டது. தொல்காப்பியருக்கு நாம் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

ஜோன்ஸோடு லண்டனில் பணியாற்றிய ஃபெர்த்தை இங்கே நினைக்க வேண்டும். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து திரும்பிய அவர், ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்கு 1934இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றி ஒரு பின்னிணைப்பு எழுதினார். ஆங்கிலேயர் தமிழை எப்படி ஒலிக்க வேண்டும் என்று அவர்கள் துல்லியமாக எழுதிக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தை எப்படி ஒலிக்க வேண்டும் என்பது நம் பள்ளிகளுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

சென்னை மாநிலத்தில் 1950களின் இறுதியில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி தருவது திட்டம். ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி தந்து, அவர்கள் அடுத்த வட்டத்துக்கும், அந்த வட்டம் அதற்கடுத்த வட்டத்துக்கும் கற்பிக்க வேண்டும். மலைச்சரிவில் உருண்டு பெருக்கும் பனிப்பந்தை நினைத்து, ஆங்கில மொழிக்கல்வி வரலாற்றில் இதை 'மெட்ராஸ் பனிப்பந்து' என்றே குறிப்பிடுகிறார்கள். பனியே பெய்யாத ஊருக்கு இப்படி ஒரு பெயர்! வாக்கிய அமைப்புகளை இவ்வாறு கைமாற்ற முடியும். பாடக்குறிப்பு எழுதும் முறையைக் கைமாற்ற முடியும். ஒலியைக் கைமாற்ற முடியுமா? முதல் வட்டம் கேட்ட குரல், மூன்றாம் வட்டத்துக்கு வரும்போது முழுக்க நம் தொண்டைக்கு ஏற்ப மாறியிருக்கும் என்பதே என் ஊகம். இதில் நான் குறைசொல்ல எதுவுமில்லை. அந்த 27,000 பேரின் மேசையில் ஒலிப்பதிவுக் கருவி இல்லை.

நம் தொண்டை என்ன செய்யும் என்பதைத் தமிழிலக்கணமே சொல்லிவிடுகிறது. வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. நாடு, காசு, எழுத்து என்று ஓர் உகரம் வந்து தாங்கும். அதற்கு அரை மாத்திரைதான் அளவு. 'கேட்', 'பேங்க்' என்ற ஆங்கிலச் சொற்கள் நம் ஊர்த் தெருவில் 'கேட்டு', 'பேங்கு' ஆவது அறியாமையால் அல்ல. ஈராயிரம் ஆண்டு பழக்கமுள்ள குற்றியலுகரம் தன் கடமையைச் செய்கிறது. ஆனால் நேர்காணல் அறையில் எதிரே அமர்ந்திருப்பவருக்கு அந்த அரை மாத்திரை ஒரு முழு அசையாகக் கேட்கிறது. சிலருக்கு அது ஊரின் பெயராகவும் கேட்கிறது. அழுத்தம் இதைவிடச் சிக்கலானது. 'போட்டோகிராப்' என்னும் ஆங்கிலச் சொல்லில் முதலசை ஓங்கி ஒலிக்க வேண்டும். அதை எடுப்பவரைக் குறிக்கும் சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்து, முதலசையின் உயிர் அடையாளமின்றிச் சுருங்கிவிடும். இந்த இடமாற்றத்தை எழுத்து காட்டாது. காதுதான் பிடிக்க வேண்டும். ஐதராபாத் நடுவண் ஆங்கில நிறுவனத்தின் பன்சால் 1969இல் இந்திய ஆங்கிலம் எந்த அளவுக்குப் பிறருக்கு விளங்குகிறது என்று ஆராய்ந்து நூல் வெளியிட்டார். அழுத்தமும் தாளமும் பெருந்தடைகளாக அதில் காட்டப்பட்டன.

இந்தப் பின்னணியில்தான் என் வீட்டுச் சிற்றலை வானொலி வருகிறது. பி.பி.சி. 1943இலேயே வானொலிவழி ஆங்கிலப் பாடங்களைத் தொடங்கிவிட்டது என்றாலும், எனக்கு வாய்த்தது 'அமெரிக்காவின் குரல்' வானொலியின் ஸ்பெஷல் இங்கிலீஷ். 1959 அக்டோபர் 19 அன்று தொடங்கிய சேவை அது. சொற்கள் ஏறத்தாழ 1,500. குறுகிய வாக்கியங்கள், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. வேகம், இயல்பான ஒலிபரப்பில் மூன்றில் இரண்டு பங்கு. இரைச்சலுக்கும் மங்கலுக்கும் நடுவே, தொடருக்குத் தொடர் இடைவெளி விட்டு, அந்தக் குரல் விண்வெளியைப் பற்றியும் அமெரிக்கச் சிறுகதைகளைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போகும். ஓ ஹென்றியை நான் முதலில் கேட்டேன், படித்தது பிறகு. ஒரு மொழி என் காதுக்குள் வாக்கியமாகப் பிரிந்து விழுந்த அந்த முதல் இரவு, யாப்பிலக்கணத்தில் சீர்பிரிக்கக் கற்ற நாளுக்கு இணையானது.

இந்த நிதானம் கருணையால் மட்டும் பிறந்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பனிப்போர்க் காலத்தில் உலகின் காதுக்கு நடந்த போட்டியில் அது ஒரு கருவி. 1951இல் இலங்கை வானொலியின் வழியாகத் தன் நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்ய அமெரிக்கா ஒப்பந்தம் செய்துகொண்டது. 1963இல் கல்கத்தாவில் பேராற்றல் வாய்ந்த ஒலிபரப்பி ஒன்றை அமைக்க இந்திய அரசோடும் உடன்பாடு கண்டது. சீனப் போரில் அடிபட்டிருந்த நேரு முதலில் இசைந்தார். அணிசேராக் கொள்கைக்கு இது பொருந்துமா என்று எதிர்ப்பு எழுந்ததும் உடன்பாடு கைவிடப்பட்டது. நான் ஓ ஹென்றியைக் கேட்ட அலைவரிசைக்குப் பின்னால் இத்தனை கணக்குகள் இருந்தன. அறிந்திருந்தாலும் கேட்பதை நிறுத்தியிருக்க மாட்டேன்.

அதன் குறை வேறிடத்தில் இருந்தது. மெதுவாகப் பேசும்போது ஒவ்வொரு சொல்லும் தன் முழு உருவில் நிற்கிறது. இயல்புவேகத்தில் ஆங்கிலச் சொற்கள் ஒன்றையொன்று விழுங்குகின்றன. நம் புணர்ச்சி விதிகள் எழுத்திலும் தெரியும்; அவர்களுடைய புணர்ச்சி எழுத்தில் தெரியாது. எனவே மூன்றாண்டு விடாமல் கேட்டுப் பழகியவன், ஓர் ஆங்கிலப் படத்தின் முன் அமர்ந்தபோது மீண்டும் செவிடானேன். ஏணி உண்மையானதுதான், ஆனால் அதன் மேற்படிகள் சிற்றலை எட்டாத உயரத்தில் இருந்தன.

அந்தப் படிகளை இணையம் கொண்டுவந்தது. 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் பதிப்புரிமை கடந்த நூல்களை இயல்பான குரலில் முழுமையாக வாசித்து வைத்திருக்கிறார்கள். 2008இல் வந்த ஃபோர்வோவில் ஒரு சொல்லைத் தட்டினால் அதைப் பல நாட்டார் ஒலித்துக் காட்டுகிறார்கள். 'டெட்' என்பதற்கு இனி யாரும் அவையில் நாண வேண்டியதில்லை. ஆனால் என்னை அதிகம் அசைத்தது ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் பேச்சொலிக் காப்பகம். 1999 முதல் இணையத்தில் இருக்கிறது. ஆங்கில ஒலிகளில் பெரும்பாலானவை அமையுமாறு எழுதிய 69 சொற்கள் கொண்ட ஒரே பத்தியை உலகின் பல மொழிக்காரர்கள் வாசிக்கிறார்கள். தாய்மொழி ஆங்கிலமானவர்களும் அதே பட்டியலில் ஓர் இனம், அவ்வளவுதான். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் குரல்களும் இருக்கின்றன. பிழை என்று சிவப்புமை காட்டாமல், இவர் இப்படி ஒலிக்கிறார் என்று மட்டும் குறித்திருக்கிறார்கள். ஜோன்ஸ் சொல்லிப்பார்த்து உலகம் கேளாத விஷயம் இது.

ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் எழுதிய நூல் இதற்குக் கோட்பாட்டுத் துணை தருகிறது. வெவ்வேறு நாட்டார் தமக்குள் ஆங்கிலம் பேசும்போது எவை தவறினால் விளங்காமல் போகிறது என்று அவர் பார்த்தார். நாக்கைப் பல்லிடை வைத்து ஒலிக்கும் அந்தப் புகழ்பெற்ற ஒலி, நம் ஆசிரியர்கள் பிரம்போடு கற்பித்த ஒலி, தேவையற்றது என்று தெரிந்தது. உயிரின் நீளம் தேவை. குறிலும் நெடிலும் அரிச்சுவடியிலேயே படித்தவர்களுக்கு இது கைவந்த சரக்கு. வாக்கியத்தில் அழுத்தம் விழும் சொல் முக்கியம். சொல்லின் தொடக்கத்தில் வல்லொலிகளோடு வெளிப்படும் மூச்சும் முக்கியம். இவை நமக்கு இல்லை. உழைத்துத்தான் பெற வேண்டும். எதில் உழைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று என் ஆசிரியர்களுக்குச் சொல்ல அன்று ஆளில்லை.

2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் ஆணையால் அந்த வானொலியின் பணியாளர்களில் பெரும்பாலோர் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். அறுபத்தைந்து ஆண்டு ஓடிய மெதுவான ஆங்கிலமும் புதுப்பிக்கப்படாமல் நின்றது. செய்தியைப் படித்த வாரம் வகுப்பில் அதைச் சொன்னேன். இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, "பழசெல்லாம் எங்கிட்ட இருக்கு ஐயா" என்று கைப்பேசியை நீட்டினாள். நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள். பேருந்தில் வரும்போது கேட்பாளாம். ஒலிக்கவிட்டேன். குரல் எனக்குப் பழகியதாக இல்லை. ஏதோ அவசரத்தில் இருந்தது. ஷா சொன்னபடி வேகத்தைக் குறைக்கத் தேடினேன். திரையின் மூலையில் 1.5 என்றிருந்தது. மூன்றில் இரண்டு பங்கை ஒன்றரை மடங்காக்கி, ஊர் வந்து சேரும்வரை, அவள் அதை முழுவேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள்.